முட்டாயைப் பூட்டி வைத்தவன் எழுதுவது

எஸ்தர்,

போன வியாழக்கிழமை நீ அம்மாவுக்குப் போன் செய்தபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்திருந்தாள். ஓசூரில் நீயும் மாப்பிள்ளையும் எடுத்து வளர்க்கிற நாய்க்குட்டிக்கு எட்டு மாதம் ஆகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "ம்மா, இன்னிக்கும் அதுக்கு சிவப்பா வெளிய வந்துச்சு. அடியில ரெண்டு பக்கமும் உருண்டையா வீங்கிக்கினு கீது. லீவு போட்டுட்டு டாக்டராண்ட தூக்கிக்கினு போனேன். ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாரு. எனக்கு நம்பிக்கை இல்லம்மா" என்றாய். இந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை என்றும் சொன்னாய். அம்மா ஏதோ சமாதானம் சொன்னாள். அதற்கு நீ சொன்ன பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்திருக்கிறது. "முட்டாய் விஷயத்துல லேட் பண்ணிட்டேன்ல. இதுக்காவது லேட் ஆவக் கூடாதும்மா" என்றாய்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கம்பெனி பஸ்கள் திரும்புகிற முனை வரைக்கும் நடந்தேன், நின்றேன், திரும்பி வந்தேன். நீ லேட் பண்ணவில்லை. நம் வீட்டு நாய் முட்டாயை டாக்டரிடம் கொண்டுபோக லேட் பண்ணியவன் நான். அதோடு நிறுத்தாமல், அந்தப் பழி உன் தலையில் விழுந்தபோது பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்தான். ஐந்து வருஷமாக நீ சுமந்துகொண்டிருப்பது என் பொய்யை. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை உன் நம்பரை எடுத்தேன். "சொல்லுப்பா" என்று உன் குரல் கேட்டதும் "சாப்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். கடிதம் என்றால் நடுவில் புகுந்து யாரும் கேள்வி கேட்க முடியாது. கோழைக்கு அது வசதி.

முதலில் உன் நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது உயிரோடு இருப்பதால். ஆண் நாய்க்குக் குறி ஒரு தோல் உறைக்குள் இருக்கும். நீ ஷிஃப்ட் முடிந்து வந்து கொஞ்சினால், விளையாடினால், தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொண்டால் சிவப்பாக நுனி வெளியே வரும். சில நிமிஷத்தில் தானாக உள்ளே போய்விடும். அது நோய் இல்லை. அடியில் இரண்டு பக்கமும் உருண்டையாக எழும்பியது என்றாயே, அதுவும் கட்டி இல்லை. கிளர்ச்சி வந்தால் குறியின் அடிப்பகுதி அப்படித்தான் வீங்கும், அடங்கியதும் வற்றிவிடும். கட்டி வந்துவிட்டது என்றும் விதை மேலே ஏறிவிட்டது என்றும் பதறிக்கொண்டு நாயைத் தூக்கி வருகிறவர்கள் நிறைய பேராம். வயது வந்த நாய்க்கு நுனியில் வெள்ளையாகவோ லேசான மஞ்சளாகவோ ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். நாற்றம் இல்லாமல், அளவு கூடாமல், நாய் ஓயாமல் அந்த இடத்தையே நக்கிக்கொண்டு உட்காராமல் இருந்தால் அதற்கும் நீ லீவு போட வேண்டாம். உங்கள் ஓசூர் டாக்டர் சொன்னது சரி. அவரை நம்பு.

இந்த ஒரு பத்தியை எழுதுவதற்குள் என் கை எத்தனை தடவை நின்றது என்று உனக்குத் தெரியாது. குறி என்று எழுதிவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை, அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயது ஆள், காலி வீட்டில், ஒரு வார்த்தைக்கு வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வெட்கம் எனக்குச் சோறு போட்டதா, துணி கொடுத்ததா? ஒரு நாயைக் கொன்றது, அவ்வளவுதான் அது செய்த வேலை.

நான் பார்க்கிற வேலை உனக்குத் தெரியும். ஒரகடத்தில் இருபத்தோரு வருஷமாக இன்ஸ்பெக்ஷன் டேபிள். பிரேக் பாகத்தைக் கையில் எடுத்து, விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓகேவா ரிஜெக்டா என்று சொல்ல வேண்டும். டேபிளுக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருக்கும். அதில் நிஜமான பாகங்களையே வரிசையாகப் பதித்திருப்பார்கள். இவ்வளவு கீறல் பரவாயில்லை, இந்தக் கறை பரவாயில்லை, இந்த விரிசல் கூடாது என்று பார்த்தாலே தெரியும். புதிதாக வருகிறவர்கள் இரண்டு விதமாகத் தப்பு செய்வார்கள். சிலர் பயந்துபோய் நல்ல பாகத்தையெல்லாம் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போடுவார்கள். சிலர் விரிசலைக் கண்ணால் பார்த்தும், சூப்பர்வைசர் திட்டுவாரே என்று, பார்க்காத மாதிரி அனுப்பிவிடுவார்கள். முதல் ரகத்தைப் பழக்கி எடுத்துவிடலாம். இரண்டாவது ரகத்தை நானே டேபிளை விட்டு எழுப்பி அனுப்பியிருக்கிறேன், கொஞ்சமும் யோசித்ததில்லை. ஓசூரில் நீ செய்துகொண்டிருப்பது முதல் தப்பு. வடக்குப்பட்டில் நம் வீட்டு வாசலில் நான் செய்தது இரண்டாவது.

நம் வீட்டில் இடுப்புக்குக் கீழே எதற்கும் பெயர் கிடையாது. உன் அம்மாவுக்கு ஒரு வருஷமாக உதிரப்போக்கு இருந்தது என்பதை, கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன். அப்போதும் "ஏன் சொல்லல" என்று அவளைத்தான் அதட்டினேன். அவள் வந்து சொல்லக்கூடிய ஆளாக நான் இருந்தேனா என்று என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நீ எப்படியோ அந்தப் பழக்கத்துக்கு வெளியே வளர்ந்துவிட்டாய். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் கிடந்த குட்டியை டிபன் பையில் போட்டு நீ வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, உன் கம்பெனி லைனில் வேலை பார்த்த சங்கரன்கோவில் செல்வியும் கூட வந்திருந்தாள். "மூஞ்சியப் பாருங்க அங்கிள், முட்டாய் கணக்கா இருக்கான்" என்றாள். அதுவே பெயராகிவிட்டது. நாலாவது மாதத்தில் ஒரு நாள் அதை மல்லாத்திப் போட்டு வயிற்றைத் தடவிக்கொண்டே, "ப்பா, இதுக்கு ரெண்டு இருக்கணும்ல? ஒண்ணுதான் கீது" என்றாய். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

நீ கேட்டது நியாயமான கேள்வி. குட்டிக்கு இரண்டு மாதத்துக்குள் விதைகள் பைக்குள் இறங்கிவிடும். சிலதுக்குத் தாமதமாகும், ஆறு மாதம் வரை பார்க்கலாம். அதற்குப் பிறகும் ஒன்று இறங்கவில்லை என்றால் அது வயிற்றுக்குள்ளேயோ தொடையிடுக்கிலேயோ தங்கிவிட்டது என்று அர்த்தம். பின்னாளில் அதில் புற்று வைக்கலாம் என்பதால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடச் சொல்வார்கள். உன் குட்டிக்கு எட்டு மாதம் என்பதால் ஒரு தடவை தடவிப் பார். இரண்டும் இருக்க வேண்டும், ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும், விரலுக்கு நழுவ வேண்டும், தொட்டால் வலிக்கக் கூடாது. முட்டாய்க்கு அடுத்த மாதமே மற்றதும் இறங்கியது. நீயும் செல்வியும் அதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தீர்கள். "இன்னா சிரிப்பு அங்க" என்று உள்ளே இருந்து நான் போட்ட அதட்டலில் செல்வி அதற்கப்புறம் நம் வீட்டுப் பக்கமே அதிகம் வரவில்லை.

இனி உன் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் வாலாஜாபாத்தில் இருந்து பத்தரை மணிக்கு வருவதாக ஏற்பாடு, பாஸ்டரும் அதே நேரத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். காலை ஏழரை மணிக்குப் பந்தல்காரர்கள் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். தெருவில் முட்டாயும் ஒரு பெட்டை நாயும் இணைந்து, பிரிய முடியாமல் பின்னுக்குப் பின் நின்றன. அது இயற்கை. பத்து நிமிஷமோ அரை மணி நேரமோ அப்படி நின்றுவிட்டுத் தானாகப் பிரிந்துவிடும், யாரும் தொடக் கூடாது. இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்று சமையல்காரர்களில் ஒருவன் சுடுதண்ணீரை மக்கில் மொண்டு வீசினான். இன்னொருவன் பந்தல் கழியை எடுத்து இரண்டுக்கும் நடுவில் அடித்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பந்தி வண்டி வருவதற்குள் அந்தக் காட்சி தெருவை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது எனக்கு.

எட்டு மணிக்கு முட்டாய் பின்னங்காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தது. குறி வெளியே தொங்கியது, உள்ளே போகவில்லை. வழக்கமான சிவப்பு இல்லை, கருஞ்சிவப்பு. உறைத் தோல் அடியில் சுருண்டு, ரப்பர் பேண்ட் போட்ட மாதிரி இறுக்கியிருந்தது. "இன்னா சார், நிச்சயம் பொண்ணுக்கா, இல்ல இவனுக்கா?" என்றான் பந்தல்காரன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது போல இருந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் நீ வந்தாய். ஜடை பாதி பின்னியிருந்தது, பாதி தொங்கியது. பட்டுப் புடவையை ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாய், தொடாமல் குனிந்து நன்றாகப் பார்த்தாய். "ப்பா, உச்சா போற எடம் உள்ள போவல. தோலு இறுக்கிக்கினு கீது, ரத்தம் கட்டிக்கிச்சு. இப்பவே டாக்டராண்ட தூக்கிக்கினு போனா சரியாப் பூடும். மணி எட்டுதானே ஆவுது, நானே போயிட்டு வந்துடறேன்" என்றாய்.

"பொட்டப் புள்ள குந்திக்கினு பாக்கற எடமா அது? நாளைக்கு ஒருத்தன் வூட்டுக்குப் போறவ" என்றாள் உன் அத்தை. நான் என் அக்காவை மிஞ்சினேன். "உனக்கு வெக்கம் மானம் கீதா இல்லியா? அத்தினி பேரு பாக்கறாங்க. எந்திரிச்சு உள்ள போடி" என்றேன். அதற்கு முன் உன்னை நான் அப்படி அதட்டியதில்லை. நீ எழுந்து நின்று என்னையே பார்த்தாய். கண் கலங்கியது, ஆனால் குரல் கலங்கவில்லை. "சரி, நான் போறேன். நீ கூட்டிக்கினு போ" என்றாய். நான் தலையை ஆட்டினேன்.

நீ உள்ளே போனதும் ஒரு பழைய வேட்டியைக் கிழித்து முட்டாயின் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன். காயத்துக்காகக் கட்டியது இல்லை அது, மறைப்பதற்காகக் கட்டியது. நழுவி விழுந்துவிடக் கூடாது என்று பந்தல் கயிற்றால் மேலே இரண்டு சுற்று சுற்றி இறுக்கினேன். நாய்க்கு மானத்தை மறைக்கத் துணி கட்டிய முட்டாள் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு போய், பின்னால் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த அறைகளின் பாத்ரூமில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். பையன்கள் எல்லோரும் ஓவர்டைம் முடித்து இருட்டும் நேரத்துக்குத்தான் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். பத்து மணிக்கு உள்ளே இருந்து ஊளைச் சத்தம் வர ஆரம்பித்தது. நான் ஸ்பீக்கர்காரனிடம் போய்ப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். கர்த்தரைத் துதிக்கிற பாட்டு. அதைக் கூட்டி வைத்து அவர் படைத்த ஜீவனின் அழுகையை அமுக்கினேன். இதை நான் எந்த ஜெபத்திலும் அவரிடம் சொன்னதில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

மேடையில் பாஸ்டர் ஜெபத்தை முடித்து மோதிரத் தட்டை எடுக்கச் சொன்னபோது நீ என் பக்கம் சாய்ந்து, "ப்பா, முட்டாய் இன்னாச்சு? சொன்னாத்தான் கைய நீட்டுவேன்" என்றாய். "உன் சித்தப்பன் ஆட்டோல தூக்கிக்கினு போயி ஒம்போது மணிக்கே டாக்டராண்ட காட்டிட்டான். ஊசி போட்டுக் கீறாங்க. நீ சிரிச்ச மூஞ்சியா இரு" என்றேன். உன் சித்தப்பா அந்த நேரத்தில் பந்தலின் மறு பக்கம் இலை போட்டுக்கொண்டிருந்தான். நீ தலையைத் திருப்பியிருந்தால் பார்த்திருப்பாய். திருப்பவில்லை. அப்பா சொன்னால் அப்படியே நம்புகிற பெண் நீ. சிரித்துக்கொண்டு கையை நீட்டினாய்.

சம்பந்தி வண்டி நாலு மணிக்குக் கிளம்பிய பிறகுதான் கதவைத் திறந்தேன். முட்டாய் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. இன்றுவரை எனக்குத் தாங்க முடியாதது அதுதான். அது என்னைக் கடித்திருக்கலாம். கட்டிய துணி காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. தண்ணீர் விட்டு ஊற வைத்துப் பிரித்தபோது உள்ளே கறுத்திருந்தது. அத்தனை நேரத்தில் ஒரு சொட்டு மூத்திரம் போகவில்லை, வயிறு கல் மாதிரி இருந்தது. நீ முன்னறையில் அத்தை மகள்களோடு புடவை மாற்றிக்கொண்டிருந்தாய். நானும் உன் சித்தப்பாவும் பின்வாசல் வழியாக ஆட்டோவில் ஏற்றி, ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் இருக்கிற ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். பார்த்ததும் அவர் முகம் மாறியது. "எப்ப இருந்து சார் இப்படி இருக்கு?" என்றார். காலையில் இருந்து என்றேன். "இவ்வளவு நேரமா வீட்டுல யாருமே பாக்கலயா?" என்றார். "யாரும் பாக்கல மேடம். விசேஷ வீடு, ஆளுங்க ஜாஸ்தி" என்றேன்.

அவர் ஊசி வைத்து மூத்திரத்தை எடுத்தார். கறுத்ததைக் காப்பாற்ற முடியாது, அறுத்து எடுத்துவிட்டு மூத்திரம் போக வேறு வழி வைக்க வேண்டும், சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே கொண்டுபோங்கள், நான் பேசி வைக்கிறேன் என்றார். வீட்டில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், காலையில் போகிறேன் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். முட்டாயை அங்கேயே விட்டுவிட்டு வந்து சொந்தக்காரர்களோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது கிளினிக்கில் இருந்து போன் வந்தது.

உன்னிடம் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "டாக்டரு நேத்து ஒம்போது மணிக்கே பாத்துட்டாங்க. கேஸு முத்திப்போயி கீதாம். முந்தின நாளே ஆயிருக்கும்னாங்க" என்றேன். அப்படி யாரும் சொல்லவில்லை, ஆட்டோவில் திரும்பும்போது நான் கோத்து வைத்துக்கொண்ட கதை அது. நீ சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாய். "வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அதைப் பாக்கவே இல்லப்பா. மருதாணி வச்சிக்கினு தூங்கிட்டேன். பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல" என்றாய். அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "சரி வுடு, இனிமேலாச்சும் ஜாக்கிரதையா இரு" என்றேன். பூட்டி வைத்தவன் நான், புத்திமதி உனக்கு. நீயும் தலையை ஆட்டினாய். அந்த ஜாக்கிரதையைத்தான் இன்றைக்கு வரைக்கும் கடைப்பிடிக்கிறாய், மாதத்துக்கு மூன்று லீவு போட்டு.

அத்தைக்குத் தெரியும், சித்தப்பாவுக்குத் தெரியும். இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாய் விஷயம்தானே என்று விட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து அவளிடம் சொல்லப் போகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் மாப்பிள்ளையிடம் பேச்சுவாக்கில், அன்றைக்குக் காலையில் நாய்க்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் சாதாரணமாக, "சொல்லியிருந்தா நாங்க வந்த வேன்லயே தூக்கிக்கினு போயிருக்கலாமே மாமா" என்றார். யார் முன்னால் என் மானம் போய்விடும் என்று அந்தத் துணியைக் கட்டினேனோ அந்த ஆள் சொன்ன பதில் இது. அன்றிலிருந்து அவர் என் எதிரில் உட்கார்ந்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. உன் வீட்டுக்கு நான் வந்து இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தங்காததற்கு முழங்கால் வலி காரணம் இல்லை.

எதற்குப் பதற வேண்டாம் என்று சொன்னேன். எதற்குப் பதற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒரு உயிரைக் கொடுத்துக் கற்றது வீணாகக் கூடாது. வெளியே வந்த குறி அரை மணி நேரத்துக்கு மேல் உள்ளே போகவில்லை என்றால் அது அவசரம், மணி என்ன, வீட்டில் என்ன விசேஷம் என்று பார்க்காதே. முடி ஏதாவது சுற்றியிருக்கிறதா என்று மட்டும் பார். சுத்தமான தண்ணீரால் நனைத்துக்கொண்டே இரு, காய விடாதே, எதையும் இறுக்கிக் கட்டாதே, பலமாகத் தள்ளாதே, அப்படியே டாக்டரிடம் கொண்டுபோ. காலைத் தூக்கி முக்கியும் மூத்திரம் வரவில்லை, சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் அதுவும் அன்றைக்கே ஓட வேண்டியது. சீழ் வடிவது, நாறுவது, ஓயாமல் நக்குவது, விதைப்பை சூடாக வீங்குவது, ஒரு விதை மட்டும் பெருத்தோ இறுகியோ போவது, இவற்றுக்கெல்லாம் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் காத்திருக்காதே. கொஞ்சம் வயதான பிறகு மூத்திரத்தில் ரத்தமோ, வெளிக்குப் போக முக்குவதோ இருந்தாலும் காட்டிவிடு.

போன வருஷம் எங்கள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டிகள் சோறு போடுகிற செவலை நாய்க்கு அந்த இடத்தில் இருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. "ஆம்பள நாய்க்கும் தீட்டு வருது சார்" என்று அவர்கள் சிரித்தார்கள். ஆண் நாய்க்கு அப்படி ரத்தம் வருவது ஒருநாளும் சாதாரணம் இல்லை. அதை அதே கிளினிக்குக்குத்தான் கொண்டுபோனேன், வேறு இடம் எனக்குத் தெரியாது. உறைக்குள் காலிஃபிளவர் மாதிரி சதை வளர்ந்திருந்தது. இணை சேரும்போது ஒரு நாயிடம் இருந்து இன்னொன்றுக்கு ஒட்டுகிற கட்டியாம், தெருநாய்களுக்கு நிறைய வருமாம். வாரம் ஒரு ஊசி போட்டு ஐந்தாவது வாரத்தில் வற்றிவிட்டது. நான் உனக்கு எழுதியிருப்பதில் பெரும்பாலானது அந்த ஐந்து வாரத்தில் டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. காது, கால், பல் என்று சொல்கிற மாதிரி அவர் எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் பேசினார். நானும் பேசப் பழகினேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். அந்தச் செவலையைப் பிழைக்க வைத்ததால் என் கணக்கு நேராகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை, நீயும் நினைக்காதே.

வியாழக்கிழமை உன் போனைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கிளினிக்குக்கு நாய் இல்லாமல் தனியாகப் போனேன். எல்லோரும் போகும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னேன். "மேடம், அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி விசேஷ வூட்டுல இருந்து ஒரு நாயத் தூக்கியாந்தேன், அந்த எடம் கறுத்துப்போயி. வூட்டுல யாரும் பாக்கலன்னு சொன்னேன். பொய் மேடம். என் பொண்ணு பாத்துச்சு. எட்டு மணிக்கே பாத்துட்டு தூக்கிக்கினு போலாம்னு சொல்லிச்சு. நான்தான் பூட்டி வச்சேன். அது சொன்னப்பவே வந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?" அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். விசேஷ வீடு என்றதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது என்று தெரிந்தது. திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "எட்டு மணிக்கே கொண்டுவந்திருந்தா, சர்க்கரைத் தண்ணி ஊத்தி வீக்கத்தக் கொறச்சு, ஜெல்லி தடவி உள்ள தள்ளியிருப்பேன். பத்து நிமிஷ வேலை சார்" என்றார்.

மன்னிப்பு கேட்டு இதை எழுதவில்லை. இதைப் படித்த பிறகு நீ என்னோடு பேசாமல் இருந்தால் அது நியாயம்தான், அம்மாவை நடுவில் விட்டுச் சமாதானம் பேச மாட்டேன். ஆனால் இனி உன் நாயைத் தூக்கிக்கொண்டு பயந்து ஓடாதே. கண்ணால் பார்த்துச் சரியாகச் சொல்லத் தெரிந்தவள் இந்த வீட்டில் நீ ஒருத்திதான். பத்து நிமிஷ வேலை, எஸ்தர். நீ மண்டியிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னபோது அது பத்து நிமிஷ வேலையாகத்தான் இருந்தது.